ஏனாம் நேரத்தில் ஒரு சைரன்

காரைக்கால்
26 ஜனவரி 2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் சொல்லாமல் எதற்கு மெயில் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் "அது அப்படி இல்ல நிஷா" என்று ஆரம்பித்து, நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும் வரை பேசுவீர்கள். கூடத்தில் மாமி உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் உம்மா எதிரில் உங்களோடு நான் குரலை உயர்த்திப் பேச முடியாது. மெயிலில் யாரும் குறுக்கே பேச முடியாதே, அதனால்தான்.

விஷயம் பள்ளிவாசல் கணினி. போன லீவில் வந்தபோது நம் தெருப் பள்ளிவாசல் ஆபீசில் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனீர்கள். தொழுகை நேரத்தை அது மின்பலகையில் காட்ட வேண்டும், ரமலான் வந்தால் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சைரன் அடிக்க வேண்டும். ஒரு அலாரம் கடிகாரம் செய்கிற வேலைதான். அதில் போய், எத்தனையோ இயங்குதளம் இருக்க, ஆர்ச் லினக்ஸை ஏற்றி வைத்தீர்கள். அது ஓயாமல் புதிதாகிக்கொண்டே இருக்கும். அப்டேட் செய்யாவிட்டால் முறைத்துக்கொள்ளும், செய்தால் எதையாவது உடைக்கும்.

உடைந்தால் யார் பார்ப்பது என்று உங்களுக்குத் தெரியும். பெண்கள் பள்ளிவாசல் ஆபீசுக்குப் போகிற வழக்கம் நம் தெருவில் இல்லை. நான் வீட்டிலிருந்தே லேப்டாப் வழியாக அதற்குள் போய்ச் சரி செய்கிறேன். பலகை இருண்டுபோனால் மோதினார் நாகூர் மீரான் வாசலுக்கு வந்து, "ரிஃபாய்க்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கம்மா, பலகை எரியல" என்று மாமியிடம் சொல்வார். மாமி என்னைப் பார்ப்பார்கள். நான் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். மோதினார் திரும்பிப் போவதற்குள் பலகை எரியும். ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டே சரி பண்ணிவிட்டான் பார் என்று தெரு முழுக்க உங்கள் புகழ் பாடுவார்.

நானும் ஆர்ச் பைத்தியமாக இருந்தவள்தான். கல்யாணமான புதிதில் நீங்கள் காட்டியபோது இதைவிட்டால் உலகத்தில் வேறு லினக்ஸே இல்லை என்று நம்பினேன். இப்போது மனம் மாறிவிட்டது. ரமலானுக்கு முன்னால் அந்தப் பெட்டியில் ஆர்ச்சை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போடப் போகிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் அது அசையும். பள்ளிவாசலுக்கு அதுதான் சரி.

இன்னொன்று. ஜமாஅத் நடத்துகிற பெண்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை ஜூனில் காலியாகிறது. எனக்கு அந்த வேலை வேண்டும். பொழுது போகாமல் கேட்கவில்லை. பி.எஸ்சி. முடித்து ஆறு வருடமாகிறது, இன்னும் புருஷன் பெயரில் பலகை எரிய வைத்துக்கொண்டிருக்கிறேன். ஜமாஅத் செயலாளர் நூருல் அமீன் மாமா, "ரிஃபாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்" என்றாராம். கேட்டால் நல்லதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நிஷா


ஷார்ஜா
2 பிப்ரவரி 2025

நிஷாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். என் இன்பாக்ஸில் டெபியன் என்ற பெயரைப் பார்க்க நேர்ந்ததே எனக்கு அவமானம். அதுவும் என் மனைவியிடமிருந்து.

டெபியன் யாருக்கு என்று உனக்குத் தெரியுமா? மாறப் பயப்படுகிறவர்களுக்கு. பிரெஞ்சு பென்ஷனுக்காகப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள்கூட அதைவிடச் சுறுசுறுப்பு. அதில் இருக்கிற ஒவ்வொரு மென்பொருளும் போன வருடத்துப் பழசு. பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு, கெடாமல் இருக்கிறது பார் என்று பெருமைப்படுகிற கூட்டம் அது. அதற்கும் கீழே மின்ட் என்று ஒன்று இருக்கிறது. நல்லவேளை, அந்த அளவுக்கு நீ இறங்கவில்லை.

என் லேப்டாப்பை நீ பார்த்திருக்கிறாய். மவுஸ் கிடையாது, ஐகான் கிடையாது. ஒவ்வொரு வரியும் என் கையால் எழுதியது. போன வாரம் என் திரையைப் படமெடுத்து இணையத்தில் ஆர்ச்காரர்கள் குழுவில் போட்டேன். பிரேசிலிலிருந்து ஒருவன், இந்த வண்ணங்களை எப்படி அமைத்தாய் என்று கேட்கிறான். டெபியன்காரனிடம் யாராவது எதையாவது கேட்டிருக்கிறார்களா?

ஆர்ச் உடைகிறது என்கிறாய். ஆர்ச் உடையாது. தெரியாத கை பட்டால் எதுவும் உடையும். நான் சொல்லிக்கொடுத்த நாலு கமாண்டை வைத்துக்கொண்டு பெரிய முடிவெல்லாம் எடுக்காதே. பெட்டியைத் தொடாதே.

டீச்சர் வேலை பற்றி: ஜூலையில் வருவேன், வந்து பேசிக்கொள்ளலாம். உம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்றும் யோசிக்க வேண்டும். நூருல் அமீன் மாமா கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

ரிஃபாய்


காரைக்கால்
9 பிப்ரவரி 2025

மச்சானுக்கு,

தொட்டுவிட்டேன்.

மோதினார் அந்தப் பெட்டியை மஞ்சள் பையில் போட்டு, வெற்றிலை பாக்கு வாங்கி வருகிற மாதிரி கொண்டுவந்து கொடுத்தார். "ரிஃபாய் இத வீட்டுல வச்சுப் பாக்கணும்னு சொன்னாப்லயா?" என்று கேட்டார். ஆமாம் என்று மாமி சொல்லிவிட்டார்கள். எதற்காகச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் வைத்து டெபியன் போட்டேன். எதிரில் மாமி கொடுவா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மீன் குழம்பு கொதித்து இறங்குவதற்குள் வேலை முடிந்தது. உங்கள் ஆர்ச்சைப் போட நீங்கள் லீவில் மூன்று நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எதற்கோ கோபித்துக்கொண்டுதான் உள்ளே இருக்கிறீர்கள் என்று மாமி பயந்துபோயிருந்தார்கள்.

ஜமாஅத் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருக்கும் நேர அட்டையைப் பார்த்து, ரமலான் முழுவதற்குமான நேரத்தை ஒவ்வொன்றாக நானே தட்டிச் சேர்த்திருக்கிறேன். அந்த அட்டையைத்தான் ஊர் நம்புகிறது. கணினியும் அதையே நம்பட்டும்.

நாலு கமாண்டு பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஷார்ஜாவில் உங்கள் கம்பெனியில் இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் விண்டோஸ். நீங்கள் பகல் முழுக்கப் பார்ப்பது விண்டோஸ். யாரோ ஒரு மேனேஜர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மாற்றிக் கொடுக்கிறீர்கள், பிரிண்டரில் மாட்டிய தாளை உருவி எடுக்கிறீர்கள். நீங்கள் கண்ணை உருட்டிப் பேசுகிற லினக்ஸ் ரூமில் படுக்கையின் மேல் இருக்கிறது, பிரேசில்காரனுக்குப் படம் காட்ட. நான்கு பேருக்குப் பயன்படுகிற ஒரே ஒரு லினக்ஸ் கணினி உங்கள் வாழ்க்கையில் உண்டென்றால் அது நம் தெருப் பள்ளிவாசல் பெட்டிதான். அதை ஓட்டுவது நான்.

வேலை விஷயத்தில் மாமியை இழுக்காதீர்கள். மாமியிடம் கேட்டுவிட்டேன். "பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுடும்ல? அப்புறம் என்ன" என்றார்கள்.

உங்கள் நிஷா


ஷார்ஜா
11 மார்ச் 2025

நிஷா,

ஒரு மாதமாக நான் ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியும். நேற்று உம்மாவிடம் பேசியபோதும் உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. கவனித்திருப்பாய்.

இங்கே ரமலானில் ஆபீஸ் மதியமே முடிந்துவிடுகிறது. இன்று ரூமுக்கு வந்ததும் உன் டெபியனுக்குள் போய்ப் பார்த்தேன். சகிக்கவில்லை. அதைப் பெட்டியிலிருந்து துடைத்துவிட்டு ஆர்ச்சைத் திரும்பவும் போட்டுவிட்டேன். இங்கிருந்தபடியே. பெட்டியை யாரும் மஞ்சள் பையில் தூக்கி வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கணினியின் அடியிலிருந்தே அதன் தரையை உருவிவிட்டு வேறு தரையைப் போடுவது என்றால் என்ன என்று டெபியன்காரர்களுக்குப் புரியாது. குழுவில் எழுதினேன், ஒரே பாராட்டு.

நீ கையால் தட்டி வைத்திருந்த அந்த அட்டையைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்வார்கள்? சூரியனை வைத்துத் தானாகவே கணக்குப் போடும் நிரல் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். ஊரைச் சொன்னால் போதும். அதன் பட்டியலில் காரைக்கால் இல்லை. புதுச்சேரி என்று போட்டேன், வந்ததை எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் யாரும் தொட வேண்டாம்.

படித்துத் தெரிந்துகொள்.

ரிஃபாய்


காரைக்கால்
12 மார்ச் 2025

மச்சானுக்கு,

உங்கள் மெயிலை நேற்று நோன்பு திறந்த பிறகுதான் படித்தேன். திறந்தேன் என்று சொல்லக் கூடாது. கெடுத்துக்கொண்ட பிறகு.

நேற்று காலையிலிருந்து இங்கே மழை. மாசி மாதத்தில் இப்படி ஒரு மழையை எதிர்பார்க்கவில்லை, வானம் மதியமே இருட்டிக்கொண்டுவிட்டது. சூரியன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வந்திருந்தது, நான் கடைசி வடையை எடுத்துக்கொண்டிருந்தேன். சைரன் அடித்தது. சைரன் கேட்டதும் மோதினார் பாங்கு சொன்னார். மாமி பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீரும் குடித்தார்கள். நானும் குடித்தேன். அது என் சைரன்தானே, அதன் நேரத்தை நானே தட்டி வைத்தேனே என்ற நம்பிக்கை.

பாதிக் கஞ்சியில் இருந்தபோது அடுத்த தெருப் பள்ளிவாசல் சைரன் அடித்தது. பிறகு பெரிய பள்ளிவாசல் சைரன். மாமி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தெரு முழுக்க ஆட்கள் வாயில் வடையோடு வெளியே வந்து நிற்கிறார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். நீங்கள் புதுச்சேரி என்று போட்டீர்கள். அது எடுத்துக்கொண்டது ஏனாமை.

மச்சான், ஏனாம் ஆந்திராவில் இருக்கிறது. அங்கே நமக்கு முன்னால் பொழுது சாய்கிறது. பிறந்ததிலிருந்து ரேஷன் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் புதுச்சேரி என்று எழுதி எழுதிப் பழகிய கை உங்களுடையது. புதுச்சேரி என்றால் துண்டு துண்டாக நாலு கரையில் கிடக்கிறது என்று நெரவியிலோ பூவத்திலோ எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நம் ஊர்க் காகிதம் மாஹேக்குப் போய்விட்டது என்று அலையாத குடும்பம் இங்கே உண்டா? சூரியனைக் கணக்குப் போடத் தெரிந்த உங்களுக்கு அது தெரியவில்லை. வந்ததை எடுத்துக்கொண்டீர்களாம். கடையில் தக்காளி வாங்கினால்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவீர்கள்.

தெரியாமல் திறந்ததுதான் என்றாலும் அது நோன்பாகாது, ரமலானுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு நோன்பைக் களாவாகத் திரும்ப வைக்க வேண்டும் என்று இமாம் சொல்லிவிட்டார். சர்க்கரை மாத்திரையை நேரம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நோன்பாகத் தாண்டிக்கொண்டிருக்கிற மாமிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

மஃரிப் தொழுகை முடிவதற்குள் என் அட்டையைத் திரும்பவும் ஏற்றிவிட்டேன். இன்று நேரத்துக்கு அடித்தது. டெபியனை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

நூருல் அமீன் மாமா உங்களுக்குப் போன் செய்வார். நடந்ததைச் சொல்லிவிடுங்கள். இதில் மழுப்ப எதுவும் இல்லை.

நிஷா


ஷார்ஜா
14 மார்ச் 2025

நிஷா,

இதைப் பெரிதாக்காதே. நிரலின் பட்டியலைத் தயாரித்தவனுக்கு இந்திய வரைபடம் தெரியவில்லை. ஒரு ஒன்றியப் பிரதேசத்தை ஒரே ஊர் என்று நினைத்திருக்கிறான். அவனுக்குக் கடுமையாக எழுதியிருக்கிறேன். ஆர்ச்சுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும். ஆர்ச் ஒரு நொடிகூடத் தவறவில்லை. ஏனாம் நேரத்தை அது மிகச் சரியாக அடித்தது.

நூருல் அமீன் மாமா பேசினார். அவரிடம் ஏனாம், நிரல் என்று விளக்கினால் அவருக்குப் புரியுமா? "வீட்டுல நிஷா எதையோ நோண்டிட்டா மாமா, நான் சரி பண்ணிட்டேன், இனிமே வராது" என்று சொன்னேன். அத்தோடு விட்டுவிட்டார். நல்ல மனிதர்.

நீ குதிப்பதற்கு முன்னால் யோசித்துப் பார். இது பொய்யும் இல்லை. நீ டெபியன் போடாமல் இருந்திருந்தால் நான் மாற்ற வேண்டியே வந்திருக்காது. ஆரம்பித்தது யார்?

என் நிலைமையையும் பார். ஊரில் எத்தனை பேர் மகனுக்கு ஷார்ஜாவில் ஒரு கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடு என்று என்னிடம் கேட்கிறார்கள். ரிஃபாய் ஒரு சைரனைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியாதவன் என்று பெயர் வந்தால் என்ன ஆகும்? நீ வீட்டில் இருக்கிறவள். உன்னை யார் என்ன கேட்கப்போகிறார்கள்? பெருநாள் வந்தால் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

உம்மாவின் மாத்திரையை நேரத்துக்குக் கொடு.

ரிஃபாய்


காரைக்கால்
17 மார்ச் 2025

மச்சானுக்கு,

என்னை யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேட்கிறார்கள்.

கஞ்சிக்குத் தூக்குவாளி கொடுத்தனுப்பினால், வாங்கி வருகிறவளிடம், "நிஷா வீட்டுக்கா? அவங்கள ஏனாம்லயே வாங்கிக்கச் சொல்லு" என்கிறார்கள். ஏனாம் என்று தெரு முழுக்கச் சொன்னது நான்தான். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு உண்மையைச் சொன்னேன், யார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. அதை நீங்களே சொல்வீர்கள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

நேற்று நூருல் அமீன் மாமாவின் சம்சாரம் வந்தார்கள். மாமியிடம் வேறு என்னென்னவோ பேசிவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்கள். "அந்த டீச்சர் வேலைக்கு வேற ஒரு பொண்ணப் பாக்கச் சொல்லிட்டாக. ஒரு பெட்டியையே நோண்டிக் கெடுத்துட்டாளாம், ஸ்கூல்ல பத்து கம்ப்யூட்டர எப்புடி நம்பிக் குடுக்கறதுன்னு கேக்குறாக."

உள்ளே போய் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், தெரிந்துகொள்ளுங்கள். அந்த வேலை கைவிட்டுப் போனதற்கு அழவில்லை. எனக்கு அது தெரியாது என்று ஊர் நம்புகிறதே, அதற்குத்தான் அழுதேன். தெரிந்தது அது ஒன்றுதான் எனக்கு.

ஆர்ச் ஏனாம் நேரத்தை மிகச் சரியாக அடித்தது என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு ஒரு மனிதர் எப்படி நிம்மதியாகச் சாப்பிட முடியும் என்று எனக்குப் புரியவில்லை. இத்தனை நாள் நீங்கள் பெரிய கெட்டிக்காரர், கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்திருந்தேன். தலைக்கனம் மட்டும்தான் இருந்திருக்கிறது.

ஒரு வரி போதும். "ஏனாமைப் போட்டது நான்." நூருல் அமீன் மாமாவுக்கு அதை அனுப்பிவிடுங்கள். பெருநாளைக்குள் அனுப்புங்கள். இதற்குப் பிறகு கேட்க மாட்டேன்.

அமீர் நிஷா


ஷார்ஜா
5 ஏப்ரல் 2025

நிஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து தாமதமாகிவிட்டது. நீயும் போனை எடுக்கவில்லை. உம்மாவும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

உனக்கு ஒரு முக்கியமான செய்தி. நான் டெபியனுக்கு மாறிவிட்டேன்.

நன்றாக யோசித்து எடுத்த முடிவு. பெருநாள் காலையில் ரூமில் எல்லோரும் என் பெரிய திரையில் வீட்டாரோடு பேசுவதாக ஏற்பாடு. முந்தின நாள் ஒரு சின்ன அப்டேட் செய்திருந்தேன். லேப்டாப்பைத் திறந்தால் கறுப்பு. எல்லோரும் புதுச்சட்டை போட்டு அத்தர் பூசிக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்தபடி நிற்கிறோம். நான் ஒரு கமாண்டு போட்டேன், இன்னொன்று போட்டேன். பக்கத்துக் கட்டிலில் அக்கவுண்ட்ஸ் சோமசேகரன் இருக்கிறார், திருநள்ளாற்றுக்காரர், மின்ட் வைத்திருக்கிறவர். மூன்று வருடமாக அவரை நான் கேலி செய்திருக்கிறேன். அவர் தன் லேப்டாப்பைத் திறந்து நீட்டினார். அதில்தான் எல்லோரும் பேசினார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. கணினி என்பது வேலை செய்ய வேண்டும். இதை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த ஆர்ச்காரர்களைப் பார், நிஷா. வண்ணத்தை மாற்றுவதும் படம் எடுத்துப் போடுவதும்தான் வேலை. விளையாட்டுப் பிள்ளைகள். ஒருவன்கூடத் தன் கணினியில் உருப்படியாக எதையும் செய்வதில்லை. குழுவில் இதை எழுதினேன், சண்டைக்கு வந்தார்கள். வெளியே வந்துவிட்டேன். டெபியன் முதிர்ச்சி உள்ளவர்களுக்கு. அசையாமல் இருப்பதுதான் அதன் பலம். இதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று இருக்கிறேன்.

பள்ளிவாசல் பெட்டியிலும் நானே டெபியன் போட்டுவிடலாம் என்று நேற்று நுழையப் பார்த்தேன். உள்ளே விடவில்லை. ஏதாவது போர்ட்டை மாற்றினாயா? சொல்.

நூருல் அமீன் மாமா விஷயம் மறக்கவில்லை. ஜூலையில் வரும்போது நேரில் சொல்கிறேன். இதெல்லாம் நேரில் பேசுகிற விஷயம்.

ரிஃபாய்


காரைக்கால்
9 ஏப்ரல் 2025

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். டெபியனுக்கு வந்ததற்கு வாழ்த்துகள். ஜனவரியில் நான் எழுதிய மெயில் உங்களிடம் இருந்தால் கட்டுரைக்கு உதவும். முகவுரையில் என் பெயரைப் போடச் சொல்லவில்லை. உங்களுக்குத் தோன்றியதாகவே இருக்கட்டும். சோமசேகரனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், பாவம், மூன்று வருடம் பொறுத்திருக்கிறார்.

பெருநாள் போனது, உங்கள் ஒரு வரி வரவில்லை. ஜூலை வரைக்கும் பொறுக்க என்னால் முடியாது, பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. ஆகவே போன சனிக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு நூருல் அமீன் மாமா வீட்டுக்குக் கிளம்பினேன். மாமி நானும் வருகிறேன் என்று துப்பட்டியைப் போட்டுக்கொண்டார்கள். எதற்கு என்று கேட்டேன். "ஏன், நான் வரக்கூடாதா?" என்றார்கள்.

மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, ரிஃபாய் ஏதும் சொல்லி அனுப்புனானா?" என்று கேட்டார். இல்லை, பள்ளிவாசல் பெட்டியைப் பார்த்துக்கொள்வது நான்தான், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் சிரித்தார். மரியாதையாகத்தான் சிரித்தார். "ஷார்ஜாலேர்ந்து அவன் பாக்குறான், நீ கூடமாட ஒத்தாசையா இருக்கே. அதானே?" என்றார்.

நான் லேப்டாப்பைத் திறந்து பெட்டிக்குள் போய்ச் சைரனை அடித்தேன்.

நல்ல மதிய நேரம், ரமலானும் முடிந்துவிட்டது. தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று ஒருவர் வாளியோடு ஓடினார். மோதினார் பனியனோடு பள்ளிவாசல் படியில் வந்து நின்று வானத்தைப் பார்த்தார். உடனே நிறுத்திவிட்டேன். மாமா ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார், திரும்பி என் கையைப் பார்த்தார், மறுபடியும் வெளியே பார்த்தார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து கரண்டியோடு வந்துவிட்டார்கள்.

"இத எத்தன நாளா நீ பாத்துக்கிட்டு இருக்கே?" என்று கேட்டார். மாட்டிய நாளிலிருந்து என்றேன். பலகை இருண்டதும் எரிந்ததும், மோதினார் வந்துவந்து போனதும், எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் டெபியன் போட்டேன் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். புரிந்ததா என்று தெரியாது. ஆனால் நடுவில் பேசவில்லை, "அது அப்படி இல்ல" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "அப்ப அன்னைக்கு நோம்புல கைய வச்சது யாரு?"

மச்சான், உங்களைப் பற்றி எனக்கு எவ்வளவு கசப்பு இருந்தாலும் அந்தக் கூடத்தில் எனக்கு வாய் வரவில்லை. இத்தனை மெயிலில் இவ்வளவு எழுதியவளுக்கு அங்கே ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. உங்கள் பெயரைக் கெடுத்து என் பெயரை வாங்க வேண்டுமா என்று ஒரு நினைப்பு. நீங்கள் யோசிக்காததை நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

மாமிதான் சொன்னார்கள். "இவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன். ஏம்மவன்தான் வச்சான். அங்கேர்ந்து நோண்டிட்டு, பழிய இவ தலையில போட்டுட்டான். ஏம் பேருல ஒரு நோம்பு கடன் நிக்கிது, அதுவும் அவனாலதான்."

அதற்குப் பிறகு டீ வந்தது. திரும்பி வரும் வழியில் மாமி என்னிடம் உங்களைப் பற்றி எதுவும் பேசவில்லை, முருங்கைக்காய் விலையைப் பற்றித்தான் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது சுலபமாக இருந்திருக்காது. நீங்கள் போன் செய்தால் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை ஜமாஅத் கூடி முடிவு சொன்னது. பள்ளிக்கூடத்தில் ஜூன் முதல் நான் டீச்சர். பத்துக் கணினியிலும் நான் சொல்வதைத்தான் போடுவார்கள். அசையாத ஒன்றைப் போடப்போகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். போர்ட்டை மாற்றவில்லை. பெட்டிக்குள் நுழைய உங்களுக்கு இருந்த அனுமதியை எடுத்துவிட்டேன். ஜூலையில் வரும்போது பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், ஆண்களுக்குத் தடையில்லை.

அறிவிப்புப் பலகையில் கணினிப் பொறுப்பாளர் பெயரை எழுத வேண்டும் என்று மோதினார் நேற்று சாக்பீஸோடு வாசலில் வந்து நின்றார். அமீர் நிஷா என்று எழுதிவிட்டு, க/பெ ரிஃபாய் என்று கீழே சேர்க்கவா என்று கேட்டார். மாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அமீர் நிஷா